மகரக்கட்டு

பாய்ஸ் கம்பெனி என்றாலே நம்மவர்களுக்கு ஒரு பரவசம். எம்.ஜி.ஆர். அங்கிருந்து வந்தார், சிவாஜி கணேசன் அங்கிருந்து வந்தார் என்று அடுக்குவோம். வராமலே போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மையைப் பார்த்துச் சலித்துப் போனவர். அதனால்தான் சிறுவர்களிடம் திரும்பினார். 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு அவரே ஆசிரியர். ஆறு வயதுப் பாலகனாக அதில் சேர்ந்த டி.கே.சண்முகத்துக்காக ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தாராம். ஆசிரியரின் அன்புக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அன்பு வேறு, கணக்கு வேறு அல்லவா?

கம்பெனியின் பேச்சு பையனோடு அல்ல, தகப்பனாரோடு. சோறு, துணி, படுக்க இடம், பாடம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. சம்பளம் என்று ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் வீட்டுக்குப் போகும். சிவாஜி கணேசனோ தாம் அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்தவர். பையனுக்கு அவ்வளவு ஆசை!

மைக் இல்லாத அந்தக் காலத்தில் தொண்டைதான் முதல். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும், குரல் உடையும். நேற்று வரை ஸ்திரீபார்ட்டில் சபையைக் கட்டிப்போட்ட பிள்ளை இன்று வாயைத் திறந்தால் சிரிப்பு. சாமர்த்தியசாலிகள் வேறு வேஷத்துக்கு மாறினார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பள்ளிப் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் 1925-இல் திருவனந்தபுரத்தில் தாங்களே கம்பெனி தொடங்கிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அண்ணன்மார் வாய்ப்பார்களா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1921-இல் சாப்ளினோடு நடித்துப் பணத்தைக் குவித்த பையன் ஜாக்கி கூகன். வளர்ந்த பிறகு பார்த்தால் பணம் இல்லை. தாயார்மீதே வழக்குப் போட்டான். 1939-இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது.

நமக்கு அந்த விவேகம் வர 2017 ஆயிற்று. அந்த வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி, குழந்தைக் கலைஞருக்கு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; ஓய்வின்றி மூன்று மணிக்கு மேல் கூடாது. பழைய நாடகமோ, சாப்பாடு முடிந்து தொடங்கினால் பின்னிரவில்தான் முடியும்! வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசிய வங்கியில் குழந்தையின் பேரிலேயே போட வேண்டும். வயது வந்ததும் குழந்தைக்கே கிடைக்கும்.

மீதி 80 சதவீதம் பழையபடி தகப்பனார் கைக்குத்தான் போகிறது.