கடல் போட்ட கணக்கு

ஆங்கிலக் கால்வாயைக் கால்வாய் என்று அழைப்பதே ஒரு தமாஷ்தான். நம் பக்கத்துக் கால்வாயை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டிவிடலாம். அதுவோ இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடக்கும் கடல். மிகக் குறுகலான இடத்திலேயே 21 மைல். 1875-இல் மாத்யூ வெப் என்ற கப்பல் காப்டன் அதை முதன்முதலில் நீந்திக் கடந்தார். 1926-இல் ஜெர்ட்ரூட் எடர்லே என்ற அமெரிக்கப் பெண் கடந்தார். ஆசியாவிலிருந்து ஒரு பெண் கடப்பதற்கு 1959 வரை ஆயிற்று. அவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஆரதி சாஹா.

1940-இல் பிறந்த ஆரதி, இரண்டரை வயதிலேயே தாயை இழந்தவர். வீட்டுப் பெரியவர்களோடு ஹூக்ளி நதிப் படித்துறைக்குக் குளிக்கப் போய் நீச்சல் கற்றார். திருமழிசைப் பக்கத்தில் எங்கள் சிறு வயதில், பையன்களின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவார்கள். பெண் குழந்தை எட்டிப் பார்த்தாலோ, “கிணற்றோரம் உனக்கு என்னடி வேலை?” என்று அதட்டல் விழும். ஆரதியின் தகப்பனார் அதட்டவில்லை. மகளை ஹத்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்துவிட்டார். 1951 ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் வென்ற சச்சின் நாக்தான் அங்கே குரு.

அதே 1951-இல், டாலி நாஜிர் என்ற வீராங்கனையின் அகில இந்திய ரிக்கார்டை ஆரதி முறியடித்தார். மறு வருஷம் இருவரும் சேர்ந்தே ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார்கள். ஆரதிக்கு அப்போது வயது 11. 200 மீட்டர் மார்பு நீச்சலில் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

1958-இல் டாக்காவின் பிரஜேன் தாஸ் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆரதியாலும் முடியும் என்று அடுத்த வருஷப் பந்தயத்துக்கு அவர் பெயரைச் சொன்னவரும் அவரே.

1959 ஆகஸ்டு 27. வழிகாட்டும் படகு 40 நிமிஷம் தாமதமாக வந்தது. நம் ஊரில் பஸ் அவ்வளவு பிந்தினால் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நிற்போம். அங்கே அப்படியல்ல. சுமார் ஆறு மணிக்கொரு தரம் நீரோட்டம் திசை மாறும். வேளை தப்பினால், தள்ளிவிட வேண்டிய தண்ணீரே எதிர்த்து நிற்கும். இங்கிலாந்துக் கரைக்கு 5 மைல் இருக்கையில் அப்படித்தான் நேர்ந்தது. பல மணி நேரம் போராடிவிட்டுப் படகேற வேண்டியதாயிற்று.

அத்துடன் ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். “பாவம், பெண்தானே!” என்று அனுதாபப்பட்டிருப்பார்கள். ஆரதி திரும்பவில்லை. 33 நாள் கழித்து, செப்டம்பர் 29-ஆம் தேதி, மறுபடி அதே கடலில் இறங்கினார். 19 வயது நிறைந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. 16 மணி 20 நிமிஷத்தில் இங்கிலாந்துக் கரையில் ஏறி நமது கொடியை உயர்த்தினார்.

நீந்திய தூரம் 42 மைல். நேர் வழியைப்போல் சரியாக இரண்டு மடங்கு!

1960-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை அவரே. 1994-இல் காலமானார். 1999-இல் அவர் முகம் தபால் தலையில் வந்தது.

குளத்துப் பந்தயத்தில் 200 மீட்டர் என்றால் 200 மீட்டர்தான். அங்கே தேறாத குழந்தை, தூரத்தைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக்கொண்டே போகும் கடலில் தேறிவிட்டது. படித்துறையில் நிற்கும் நம் பெண் குழந்தைகளை அதட்டுமுன் அந்த 42 மைலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.