கண்ணுக்குத் தெரியாத பிழை: மின்பணிப் பழகுநரின் தேர்வு வந்த வழி

இங்கிலாந்தில் மின்பணி பழகும் இளைஞர் மூன்று நான்கு ஆண்டுகளைக் கல்லூரியிலும் கட்டடத் தளங்களிலுமாகக் கழித்தபின், இறுதியில் ஒரு செய்முறைத் தேர்வை எதிர்கொள்கிறார். ‘ஏ.எம்.2’ என்பது அதன் சுருக்கப் பெயர். ‘அச்சீவ்மென்ட் மெஷர்மென்ட்’ என்ற, எந்தச் சுவையும் இல்லாத அலுவலகத் தொடரின் முதலெழுத்துகள் அவை. பெயர்தான் அப்படி, அதன் பின்னுள்ள வரலாறு சுவையானது. ஒருவருக்குத் தொழில் தெரியும் என்பதை மற்றவர் எவ்வாறு அறிவது என்ற பழைய கேள்விக்கு ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த விடைகளின் அண்மை வடிவம் இத்தேர்வு. விடைத்தாள் திருத்தியே காலம் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு அக்கேள்வி அந்நியமானதன்று.

இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு கைவினைக்கும் ஒரு குழு இருந்தது. ஜெர்மானிய நாடுகளில், தலைமைக் கைவினைஞராக உயர விரும்புவோர் தம் கையால் ஒரு பொருளைச் செய்து குழுவின் மூத்தோர் முன் வைக்க வேண்டும். தச்சர் பேழை செய்வார். கொல்லர் பூட்டுச் செய்வார். மூத்தோர் அதைத் திருப்பியும் புரட்டியும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வர். அவ்வாறு செய்து காட்டிய பொருளே ‘மாஸ்டர்பீஸ்’. இன்று நாம் ஒரு நாவலைப் படித்துவிட்டு உணர்ச்சிப் பெருக்கில் உதிர்க்கும் அச்சொல், பிறப்பில் ஒரு தேர்வுப் பொருளின் பெயர்! இங்கிலாந்தோ பொருளைவிட ஆண்டுக்கணக்கையே பெரிதும் நம்பியது. முதலாம் எலிசபெத் காலத்தில், 1563இல், இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம் ஏழாண்டுப் பழகுகாலத்தை நாடு முழுமைக்கும் விதித்தது. 1814இல் அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. ஆயினும் காலத்தைக் கழித்தவரே கைவினைஞர் என்ற எண்ணம் பட்டறைகளை விட்டு நீங்கவில்லை.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது மரபு ஒன்றுண்டு. நம் பொருளுக்கு அதுவே நெருங்கியது. பேழையின் பிழை கண்ணுக்குத் தெரியும். பொன்னின் மாற்று தெரியாது. எனவே பொற்கொல்லர்களிடம் மட்டும் இங்கிலாந்து கண்ணையும் நம்பவில்லை, ஆண்டுக்கணக்கையும் நம்பவில்லை. முதலாம் எட்வர்டின் 1300ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளிப் பொருள்கள் சோதிக்கப்பட்டுச் சிறுத்தைத் தலை முத்திரை பெற்ற பின்னரே கொல்லரின் கையை விட்டு அகலலாம் என்றது. 1478 முதல் அச்சோதனை லண்டன் பொற்கொல்லர் மன்றத்திலேயே நடைபெறலாயிற்று. மன்றத்தில், அதாவது ‘ஹால்’இல், இட்ட ‘மார்க்’தான் நம் நகைக்கடைகள் இன்று விளம்பரம் செய்யும் ஹால்மார்க். அணியின் வேலைப்பாடு எத்தனை அழகாயினும், உரைகல் சொல்வதே இறுதித் தீர்ப்பு.

இந்த நிலையில்தான் மின்சாரம் வந்தது. 1881இல் லண்டனில் திறக்கப்பட்ட சவாய் நாடக அரங்கு, ஜோசப் ஸ்வான் உருவாக்கிய மின்விளக்குகள் ஏறத்தாழ 1,200 கொண்டு ஒளியூட்டப்பட்டது. பார்வையாளர்களுக்கு உள்ளூர அச்சம். அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டோய்லி கார்ட் மேடையேறி, எரியும் விளக்கொன்றை மெல்லிய மஸ்லின் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை. அவை ஆரவாரித்தது. நல்ல நாடகந்தான்! ஆனால் அபாயம் விளக்கில் இருந்ததாக யார் சொன்னார்கள்? அது சுவருக்குள்ளும் பலகைக்கு அடியிலும் ஓடிய கம்பிகளில், அவற்றின் இணைப்புகளில் இருந்தது. அதை மேடையேற்றிக் காட்ட எவராலும் இயலாது.

அதை அறிந்தோர் இருந்தனர். ஃபீனிக்ஸ் தீக்காப்பீட்டு நிறுவனம் தன் சொந்த மின்விதிகளை வகுத்தது. காப்பீட்டுக்காரர்களுக்கு அச்சம் வேறெவர்க்கும் முன்னே வந்துவிடும். 1882இல் தந்திப் பொறியாளர் மற்றும் மின்வல்லுநர் கழகம், மின்விளக்கால் விளையும் தீ அபாயத்தைத் தடுப்பதற்கான விதிகளை வெளியிட்டது. அக்குழுவில் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் இருந்தார். நம் வீட்டு மின்விசிறிகளில் இன்றும் பெயர் தங்கியிருக்கும் குராம்ப்டனும் இருந்தார். அவ்விதிகள் சில பக்கங்களே. அவற்றின் முன்னுரையில் இரண்டு கருத்துகள் உள்ளன. புதிய மின்பயன்பாடுகளின் தலையாய ஆபத்து, அவற்றைப் பொருத்துவோரின் அறியாமையும் பழக்கமின்மையும் என்பது முதலாவது. மின்பொறியாளர் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் உள்ளே மறைந்தவை, கண்ணுக்குப் புலப்படாதவை, ஆதலால் மின்னோட்டத்தைக் கொண்டே சோதித்து அவற்றை அறிய வேண்டும் என்பது இரண்டாவது. பின்னர் எழுந்த எல்லாவற்றுக்கும், ஏ.எம்.2 உட்பட, விதை இந்த இரண்டாவது கருத்தில் கிடக்கிறது. அச்சிறு வெளியீடுதான் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 1992இல் பி.எஸ். 7671 என்ற தரநிலை எண்ணைப் பெற்று, 2018இல் 18ஆம் பதிப்பாகத் தடித்த நூல் வடிவில் வந்தது.

சோதிக்க வேண்டும் என்று நூல் சொல்லிவிட்டது. சோதிக்கும் கைக்கு யார் பயிற்சி தருவது? கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று விரல்களால் தொட்டுப் பார்ப்பது அக்காலப் பணியாளரின் வழக்கம். அமெரிக்காவில் பெரிதும் பயன்பட்ட மின்பணியாளர் கைந்நூல் ஒன்று இம்முறையை ஒளிவு மறைவின்றி விவரித்தது. அழைப்புமணி போன்ற குறைந்த அழுத்தச் சுற்றுகளுக்கு நாவால் சுவைத்துப் பார்க்கும் முறையும் அதில் உண்டு. படிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கருவி அரிதாயிருந்த நாளில் உடம்பையே கருவியாக்கிக் கொண்ட தொழிலாளரைப் பார்த்துச் சிரிப்பது முறையாகாது.

1878இல் தோன்றிய ‘சிட்டி அண்ட் கில்ட்ஸ்’ நிறுவனம் தொழில்நுட்பத் தேர்வுகளை நாடெங்கும் நடத்தியது. அதன் சான்றிதழ் ஒருவரின் படிப்பைச் சொல்லும். நாள்தோறும் பணியிடத்தில் அவர் கை என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. அந்தக் குறையை ஆண்டுக்கணக்கு மூடி மறைத்தது. 1964இன் தொழிற்பயிற்சிச் சட்டமும், 1968இல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து அமைத்த கூட்டு வாரியமும் நிலைமையை மாற்றின. மின்பணியாளருக்குப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. படி என்று வந்தால் ஏறுவதற்குத் தகுதி கேட்க வேண்டுமல்லவா? இத்தனை ஆண்டு உழைத்தார் என்பதைக் காட்டிலும் இன்னதைச் செய்ய வல்லார் என்பதே தகுதி என்ற கருத்து மெல்ல வலுப்பெற்று, 1980களின் நடுவில் ஏ.எம்.2 என்ற வடிவம் எடுத்தது.

தேர்வு இரண்டரை நாளுக்கும் மேல் நீள்கிறது; மொத்தம் 16 மணிநேரத்துக்கும் அதிகம். ஒவ்வொருவருக்கும் மூன்று பக்கம் தடுத்த ஓர் அறை. வெறும் பலகைச் சுவரில் மின்பகிர்வுப் பெட்டி, கான்ட்யூட் குழாய், கேபிள் தட்டு, விளக்குச் சுற்று, மோட்டார் இணைப்பு, வீட்டை வெப்பமூட்டும் அமைப்பின் கட்டுப்பாடுகள் என எல்லாவற்றையும் வரைபடத்தின்படி தனியாளாகப் பொருத்த வேண்டும். பின்னர் தாம் செய்ததைத் தாமே சோதித்துச் சான்றிதழ் எழுத வேண்டும். அதன்பின், மதிப்பீட்டாளர் மறைத்து வைத்த பழுதுகளை வேறொரு பலகையில் கண்டறிய வேண்டும். இறுதியில் ஒரு கொள்குறி வினாத்தாள். பழகுநர்கள் கதவிதழ்களும் வெப்பமானிகளும் கொண்ட அந்த வெப்பமூட்டும் பகுதியைக் கண்டுதான் மிகவும் அஞ்சி, மாலை நேரங்களில் அதன் இணைப்புகளை வரைந்து வரைந்து மனப்பாடம் செய்கின்றனர். நாம் மிகுதியும் கருத வேண்டியது வேறொன்று.

பிரிட்டிஷ் வீடுகளின் பிளக் பாயின்ட்டுகள் பெரும்பாலும் வளையச் சுற்றில் அமைந்தவை. அதற்கும் ஒரு கதையுண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பின் கட்டவேண்டிய வீடுகளின் மின்னமைப்பை வகுக்க ஒரு குழு அமைந்தது. அக்குழுவின் ஒரே பெண் உறுப்பினர் கரோலின் ஹாஸ்லட். பெண்களுக்கான மின்சங்கத்தின் முதல் இயக்குநர் அவர். அடுப்படியில் நிற்பவரின் கண்ணும், தரையில் தவழும் குழந்தையின் கையும் அவர் கருத்தில் இருந்தன. குழுவின் அறிக்கை 1944இல் வந்தது. 1947இல், உள்ளேயே ஃபியூஸ் கொண்ட சதுர முள் பிளக்கும் வளையச் சுற்றும் வழக்குக்கு வந்தன. (அதற்கு முந்திய உருண்டை முள் பிளக்கைத்தான் நாம் இன்றும் பயன்படுத்துகிறோம்.) பெட்டியிலிருந்து புறப்படும் கம்பி எல்லாச் சாக்கெட்டுகளையும் தொட்டுவிட்டுப் பெட்டிக்கே திரும்பி வரும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் இரு வழிகளில் மின்சாரம் சேர்வதால், மெல்லிய கம்பி பெருஞ்சுமையைப் பகிர்ந்து தாங்குகிறது.

சிக்கலும் அங்கேதான். வளையம் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்துவிட்டால் என்ன நடக்கும்? வெளியே ஒன்றும் நடக்காது. கெட்டில் கொதிக்கும், வானொலி பாடும், வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்து நன்றியும் சொல்வார். ஆனால் 32 ஆம்பியர் காப்பின்கீழ் இரு கைகளால் சுமக்க வேண்டியதை 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒற்றைக் கையால் சுமக்கத் தொடங்கியிருக்கும். பூச்சுக்குப் பின்னால் அது சூடேறுவதை யாரும் அறியார். வேலை செய்கிறது என்பதே வேலை சரியாக நடந்தது என்பதற்குச் சான்றாகாத தொழில் இது. கவிதையில் பிழை இருந்தால் செவி கண்டுபிடித்துவிடும். இங்கு செவிக்கும் கண்ணுக்கும் வேலையில்லை.

ஆகவே பழகுநர் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார். வளையத்தின் இரு முனைகளையும் பிரித்து, ஒவ்வொரு கம்பியும் முனைக்கு முனை தொடர்கிறதா என மின்தடையை அளக்கிறார். எர்த் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டரே ஆதலால் அதன் தடை மற்றவற்றைப்போல் 1.67 மடங்கு வர வேண்டும். பின்னர் ஒரு முனையின் கம்பியை எதிர்முனையின் எர்த்துடன் மாற்றிப் பிணைத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளவிடுகிறார். வளையம் முழுமையானால் எங்கும் ஏறத்தாழ ஒரே எண். அதுவும் முனைத்தடைகளின் கூட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கு. எண்கள் இடத்துக்கு இடம் ஏறி இறங்கினால் உள்ளே பிழை. அடுத்து 500 வோல்ட் செலுத்தி மின்காப்பைச் சோதிக்கிறார். 1 மெகா ஓமுக்குக் குறையலாகாது. பொற்கொல்லர் மன்றத்தின் உரைகல் இங்கே எண்களைப் பேசுகிறது.

இதனினும் முந்தியது ஒன்றுண்டு. எந்த வேலையையும் தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, அது இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். 1989இல் இயற்றப்பட்ட பணியிட மின்சார விதிகள் இதைச் சட்டக் கடமையாக்கின. சுவிட்சை அணைத்ததும் ஆயிற்று என்று கருதுவது நம் ஊர் வழக்கம். திருகுளி வடிவ டெஸ்டரைத் தொட்டுப் பார்ப்பவர் கூடுதல் கவனமுள்ளவர். அங்கே அந்த டெஸ்டர் செல்லாது. சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியைத் தம் சட்டைப்பையில் இட்டு, எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். அடுத்து, மின்னழுத்தம் காட்டும் கருவியை ஒரு மெய்ப்பிப்பானில் வைத்து அது பழுதின்றி இயங்குகிறது என்று காண வேண்டும். அதன்பின் மும்முனை இணைப்பில் பத்துச் சோதனைகள்: மூன்று முனைகளுக்கிடையே மூன்று, ஒவ்வொரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று, முனைகளுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. முடிந்ததும் கருவியை மீண்டும் மெய்ப்பிப்பானில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏன் மீண்டும்? நடுவே கருவி பழுதாகியிருந்தால், அது காட்டிய இன்மை பொய்யாகிவிடுமே! ஒன்று இல்லை என்று சொல்வதற்கு, இருந்தால் காட்டியிருப்பேன் என்ற உறுதி முன்னும் பின்னும் வேண்டும். தருக்க நூலார் இந்த இடத்தில் மகிழ்வர். இப்படிகளில் ஒன்றைத் தவறவிட்டால், பின்னர் எத்தனை அழகாகக் கம்பி வளைத்தும் பயனில்லை.

அவசரம்தான் இங்கே பகை. கடிகாரம் ஓட, பக்கத்து அறையில் துளையிடும் ஓசை கேட்க, பழகுநரின் கை நெஞ்சுக்கு முன்னே ஓடிவிடும். எனவே தேர்வுக்கு முந்திய வாரங்களில் நல்ல ஆசான்கள் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. துண்டிப்பு வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழக்குகின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளில் நெட்டுருவை வாய்ப்பாடாக ஓதியதற்கும் இதற்கும் உறவு உண்டு.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். மின்முனைக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கருப்பு என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கு. மும்முனைக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். ஐரோப்பிய ஒருமைப்பாட்டின் பொருட்டு 2004இல் புதிய நிறங்கள் வந்தன. 2006 மார்ச்சுக்குப் பின் புதிய பணிகளில் அவை மட்டுமே. புதிய வழக்கில் நியூட்ரல் நீலம். மும்முனைக்குப் பழுப்பு, கருப்பு, சாம்பல். அதாவது, முன்பு நியூட்ரலாக இருந்த கருப்பு இன்று மின்முனை. முன்பு மின்முனையாக இருந்த நீலம் இன்று நியூட்ரல். சங்க காலத்தில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று எதைக் குறிக்கிறது என்று மாணவர்க்கு விளக்குகையில் வகுப்பில் சிரிப்பெழும். இங்கே பொருள் மாற்றத்தை அறியாதவர்க்கு உயிரே போகும். பழைய வீட்டுக்கு விரிவாக்கம் செய்யும் பணியாளர் ஒரே பெட்டிக்குள் இரு காலத்து மொழியையும் படிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வு முடிந்ததும் பழகுநர் பொருத்தியவை கழற்றப்பட்டு, அறை அடுத்தவர்க்கு வெறுமையாகிறது. ஜெர்மானிய மூத்தோர் முன் வைத்த பேழை அரும்பொருளகத்திலாவது எஞ்சியது. இங்கே எஞ்சுவது எண்கள் நிரப்பிய ஒரு சோதனைப் படிவம். வென்றவர்க்குப் பிற தகுதிகளும் நிறைந்திருந்தால் கட்டடத் தளங்களில் காட்டும் அடையாள அட்டை கிடைக்கிறது. அதன் நிறம் பொன். பி.எஸ். 7671க்கு அடுத்த பதிப்பு வரும்போது, அந்த அட்டைக்காரரும் புதிய விதிகளைப் படிக்க மீண்டும் வகுப்பில் அமர்கிறார்.