கொட்டகை வாசலும் வீட்டுக் கூடமும்: தணிக்கை எழுத்தின் வரலாறு

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் இருப்புப்பாதை பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. காவிரி பாயும் இந்த நெல்வயல் நிலப்பரப்பு இசைக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற அளவுக்குத் திரைப்படத் தணிக்கையின் வரலாற்றிலும் இடம்பெற்றது என்பது பலரும் அறியாதது. பாபநாசத்தில் பிறந்த கே. சுப்ரமணியம், மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியின் கதையைக் கொண்டு 1939-இல் எடுத்த 'தியாகபூமி'யை, அதன் தேசிய உணர்வுக்காக ஆங்கிலேய அரசு தடை செய்தது. இப்படத்தைத் தடுத்த அதிகாரம் 1918-ஆம் ஆண்டின் ஒளிப்படக்காட்சிச் சட்டத்தில் வேர்கொண்டது. அச்சட்டத்தின்படி 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் அமைந்த தணிக்கைக் குழுக்கள் காவல்துறைத் தலைமையின் கீழ் இயங்கின. படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டலாமா, கூடாதா என்பதே அன்றைய கேள்வி. பார்ப்பவரின் வயதை அக்குழுக்கள் கணக்கில் கொள்ளவில்லை.

வயது என்னும் அளவுகோல் விடுதலைக்குப் பின்னரே வந்தது. 1949-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அனைவரும் பார்க்கத்தக்க படத்துக்கு 'யு' என்றும், வயது வந்தோர் மட்டும் பார்க்கத்தக்க படத்துக்கு 'ஏ' என்றும் சான்றளிக்கும் முறை ஏற்பட்டது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி' (1951) ஆவி உலவும் காட்சிகளுக்காக 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்பதிலிருந்து, அக்காலத் தணிக்கை வாரியத்தின் கவலை பாலியல் காட்சிகளோடு நின்றுவிடவில்லை என்பதும், குழந்தையின் அச்சமும் அதில் அடங்கியது என்பதும் புலனாகும்.

படத்துக்கு முன் திரையில் சில நொடிகள் நிற்கும் சான்றிதழ் கூர்ந்து நோக்கத்தக்க ஆவணமாகும். படத்தின் பெயர், மொழி, நீளம், வழங்கிய நாள் ஆகியவற்றோடு வகைப்பாட்டு எழுத்தையும் தாங்கிய அதன் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் வரையப்பட்டிருந்தால், அப்படத்தில் காட்சிகள் வெட்டப்பட்டுள்ளன என்பது பொருள். திரைப்பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970-இல் முன்தணிக்கையையும் வயது வகைப்பாட்டையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1983-இல் பெற்றோர் துணையோடு சிறுவர் பார்க்கத்தக்க 'யு/ஏ', மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கான 'எஸ்' ஆகிய இரு வகைகள் சேர்ந்தன. தணிக்கை வாரியம் சான்றளிப்பு வாரியம் எனப் பெயர் மாறியது.

இவ்வேற்பாடு முழுவதும் ஒரு வாசலை நம்பியே அமைந்தது. சீட்டுக் கொடுப்பவரும் வாசலில் நிற்பவரும் சிறுவனைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதே 'ஏ' எழுத்தின் வலிமை. 1980-களின் பிற்பகுதியில் கேபிள்காரர்கள் வீடியோ கேசட்டைப் போட்டுத் தெருத்தெருவாகக் கம்பி இழுத்துப் படம் காட்டத் தொடங்கியதும் அந்த வாசல் மறைந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கிய பின், ராஜ், விஜய், ஜெயா ஆகிய அலைவரிசைகளும், 2001-இல் படங்களுக்கென்றே கே டிவியும் வந்தன. திரையின் மூலையில் நாள் முழுவதும் நிற்கும் முத்திரைச் சின்னம், ஒவ்வோர் அலைவரிசைக்கும் உரிய இசைத்துணுக்கு, பண்டிகை நாளில் 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று முழங்கும் அறிவிப்பு ஆகியவற்றால், எந்தப் படம் என்பதோடு எந்த அலைவரிசையின் படம் என்பதும் வீட்டாரின் மனத்தில் பதிந்தது.

இந்த முத்திரையின் வளர்ச்சி தணிக்கை எழுத்தின் தன்மையையே மாற்றியது. 'ஏ' படங்களைத் தொலைக்காட்சியில் காட்டலாகாது என்பது 2006-இல் பம்பாய் உயர் நீதிமன்ற வழக்கையொட்டி உறுதிப்பட்டதால், ஒளிபரப்பு உரிமையை விற்க விரும்பிய தயாரிப்பாளருக்கு 'யு' அல்லது 'யு/ஏ' இன்றியமையாததாயிற்று. திரையரங்கில் 'ஏ' பெற்ற படத்தை மேலும் வெட்டி மறுசான்று பெறுவது வழக்கமாயிற்று. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் தமிழக அரசு அளித்த கேளிக்கை வரி விலக்கோடு, 2011-இல் 'யு' சான்றிதழும் நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டபோது அவ்வெழுத்தின் சந்தை மதிப்பு மேலும் உயர்ந்தது. குழந்தைக்கு எது தகும் என்று சொல்லப் பிறந்த எழுத்து, படத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று சொல்லும் எழுத்தாகவும் ஆனது.

அதே ஆண்டுகளில் தொலைக்காட்சி காவிரிப் படுகையின் எளிய வீடுகளையும் எட்டியது. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டித் திட்டம் தொடங்கியது. 2007-இல் நிறுவப்பட்ட அரசு கேபிள் டிவி நிறுவனம் கட்டுப்பாட்டு அறை அமைத்த நான்கு ஊர்களுள் தஞ்சாவூரும் ஒன்று. 2011-இல் அந்நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. திருவிடைமருதூர் போன்ற ஊரில் குடும்பத்தோடு கொட்டகைக்குப் போய்வந்த தலைமுறைக்குப் பின், பெரியவர் இல்லாத வேளையிலும் பெட்டியை இயக்கத் தெரிந்த தலைமுறை வளர்ந்தது.

தொலைக்காட்சியைத் தொடர்ந்து வீட்டுக்குள் வந்த இணையவழித் தளங்களுக்கு மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகள் 7, 13, 16 என்னும் வயதுப் படிகளை வகுத்ததோடு, வன்முறை, தகாத சொல் முதலான காரணத்தையும் காட்டப் பணித்தன. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அப்படிகளைத் திரைப்படச் சான்றிதழுக்கும் கொண்டுவந்து, 'ஏ', 'எஸ்' படங்கள் தொலைக்காட்சிக்கெனத் தனிச் சான்று பெற வழி செய்தது. வாசற்காவலர் இல்லாத வீட்டில் அப்பொறுப்பு பெற்றோருக்கு உரியது என்பதை இச்சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயின் காரணம் அறியாத பெற்றோர் எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. ஆகவே, வயதுக் குறியும் அதற்கான காரணமும் தெளிவான தமிழில், அலைவரிசைச் சின்னத்துக்கு நிகரான அளவில் திரையில் நிற்க வேண்டும். தன் சின்னத்தை வீடுதோறும் பதியவைத்த தொலைக்காட்சித் துறைக்கு அது செய்ய முடியாத காரியமன்று.