வீட்டு வளாகத்தில் வேட்டை: சட்டம் சொல்வது என்ன?

கொல்லைப்புறத்தில் பாம்பு தென்பட்டால் தடியைத் தேடுவதே நம்மில் பலரின் முதல் வேலையாக இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டியெறியும் காட்டுப்பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைப்பதும், விதைத்ததைக் கொத்தித் தின்னும் மயிலுக்கு விஷம் கலந்த தானியத்தை இறைப்பதும் ஆங்காங்கே நடந்துகொண்டுதான் இருக்கின்றன. 'என் வீடு, என் நிலம். இதை யார் கேட்பது?' என்ற எண்ணமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. சட்டத்தின் பார்வை வேறு.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, வேட்டை நடந்த இடம் காடா, பட்டா நிலமா என்று பார்ப்பதில்லை. உயிரினம் எது என்பதையே பார்க்கிறது. அட்டவணையில் இடம்பெற்ற விலங்கை இரண்டு சென்ட் மனையில் கொன்றாலும் குற்றமே. நூறு ஏக்கர் தோப்பில் கொன்றாலும் குற்றமே. நிலத்துக்குப் பட்டா உண்டு. அதில் வந்து மேயும் வன விலங்குக்குப் பட்டா இல்லை. சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடப்பட்ட விலங்கின் உடல்கூட அரசின் சொத்தாகிவிடுகிறது.

'வேட்டை' என்பதற்கு இச்சட்டம் தரும் பொருளும் விரிவானது. துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டையன்று. விஷம் வைத்தல், கண்ணி வைத்தல், பொறியில் பிடித்தல், காயப்படுத்துதல் ஆகியனவும் வேட்டையே. பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், கூடுகளைக் கலைப்பதும் இதனுள் அடங்கும். இவற்றைச் செய்ய முயல்வதும் குற்றம்தான்.

2022-இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்தது. மயில், உடும்பு, நல்லபாம்பு, சாரைப்பாம்பு ஆகியவை உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் உள்ளன. இவற்றை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது ரூ.25,000 அபராதமும் உண்டு. காட்டுப்பன்றி, பச்சைக்கிளி போன்றவை இரண்டாம் அட்டவணையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அப்படியானால் தற்காப்புக்கு இடமே இல்லையா? உண்டு. தன்னையோ பிறரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்கிறது பிரிவு 11. ஆனால், இந்த விலக்கு மனித உயிருக்கு மட்டுமே. பயிருக்கும் உடைமைக்கும் பொருந்தாது. இரண்டாம் அட்டவணை விலங்கு பயிரை அழிக்கிறது என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ காரணம் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாக அனுமதி தந்த பிறகே அதைக் கொல்லலாம். முதல் அட்டவணை விலங்குக்குப் பயிர்ச்சேதம் ஒரு காரணமாகவே ஏற்கப்படுவதில்லை.

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பதும் வேட்டைக்கான அனுமதியாகாது. ஆயுதச் சட்டம் தரும் உரிமம் வேறு. விலங்கைக் கொல்வதற்கான ஆணை வேறு.

கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மடிந்தன; உடனிருந்த குட்டிகள் தாயை இழந்து தவித்தன. பன்றிக்கு வைத்த கம்பி யானையையும் மனிதரையும் பிரித்தறியாது. வீடுகள் நெருங்கிய இடத்தில் சுருக்கும், விஷமும், நாட்டு வெடியும் அண்டை வீட்டுக் குழந்தைக்கே எமனாகக்கூடும்.

அதேவேளையில், ஓரிரவில் விளைச்சலை இழக்கும் சிறு விவசாயியிடம் சட்டப்பிரிவை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருப்பதும் நியாயமாகாது. கேரளம் 2022-இல் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் அளித்தது. தமிழக அரசு 2025-இல், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. ஒரு கி.மீ. வரை சுடவோ பிடிக்கவோ கூடாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். காட்டை ஒட்டி வாழ்பவருக்கே பாதிப்பு அதிகம். அவருக்கோ இந்த ஏற்பாட்டால் பயன் குறைவு. எனவே, விரைவான இழப்பீடும், தரநிலைக்கு உட்பட்ட சூரியமின் வேலிக்கான உதவியும் அவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைப்பதும், பயிர் அழிந்தால் உடனே படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு அளிப்பதும் குடிமக்களின் கடமை. அந்த அழைப்புக்கும் மனுவுக்கும் காலத்தே செவிசாய்ப்பது அரசின் கடமை. முன்னதை மட்டும் வலியுறுத்திப் பின்னதை மறந்தால், சட்டம் ஏட்டில் இருக்கும்; சுருக்குக் கம்பி வேலியோரத்தில் இருக்கும்.