சட்டமில்லாத படம்

நண்பர் வீட்டில் ஒருநாள் அந்தக் கருவியைக் கண்மேல் மாட்டிக்கொண்டேன். எதிரே ஒரு பள்ளம். காலடியில் இருப்பது சிமெண்டுத் தரை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் கால் நகர மறுத்தது. யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் பக்கத்தில்தான் நின்றார், என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. பள்ளத்தைவிட இதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

விர்ச்சுவல் ரியாலிட்டியைக் கம்ப்யூட்டர் யுகத்தின் விந்தையாக எழுதுகிறவர்கள் சரித்திரத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். படத்திலிருந்து சட்டத்தைக் கழற்றிவிடும் ஆசை பழையது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787ல் பனோரமாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1793ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறக்கப்பட்டது. இருட்டு வழியில் நடந்து, படியேறி, நடுமேடைக்கு வந்தால் சுற்றிலும் ஓவியம். அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படாதபடி மறைத்திருந்தார்கள். எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் அது ஓவியம் என்பதே மறந்துபோகும் என்று கணக்கு. ஆனால் மேடையில் கூட்டம் இருந்தது. அருகில் நிற்பவரிடம் 'அதோ பார்' என்று சொல்ல முடிந்தது.

1838ல் சார்லஸ் வீட்ஸ்டோன் காட்டிய ஸ்டீரியோஸ்கோப் வேறு வழியில் போயிற்று. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடிகள், இரண்டு சித்திரங்கள். மூளை இரண்டையும் கூட்டி ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். புகைப்படம் அதோடு சேர்ந்த பிறகு, 1859ல், ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதைப் புகழ்ந்து எழுதினார்: ஒரு பொருளின் சில நெகடிவ்கள் கிடைத்துவிட்டால் பொருளையே இடித்துவிடலாம் என்கிற அளவுக்குப் போனார். விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

மார்ட்டன் ஹீலிக் 1962ல் காப்புரிமை பெற்ற சென்சோராமாவில் காற்று, வாசனை, அதிரும் ஆசனம் எல்லாம் உண்டு. ஆசனம் ஒன்றே. பணம் போட ஆளில்லாமல் அது நின்றுவிட்டது. 1968ல் ஐவன் சதர்லண்ட் செய்த தலைக்கருவி, கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. தலை திரும்பினால், கோடுகளாலான ஒரு கனசதுரம் அதற்கேற்பக் கோணம் மாறும். பாதி ஒளியை விடும் கண்ணாடி வழியே அறையும் தெரியும். உலகத்தை மறைப்பது, உலகத்தின்மேல் வரைவது என்று இன்று பேசப்படும் இரு வழிகளில் இரண்டாவது அங்கேயே தொடங்கிவிட்டது.

2024ல் ஆப்பிள் 3,499 டாலர் விலையில் கொண்டுவந்த விஷன் ப்ரோ, மாட்டிக்கொண்டவரின் கண்களைக் கருவியின் வெளிப்புறத்தில் பிம்பமாகக் காட்டுகிறது. மூடிய முகத்தை மறுபடி வரைய வேண்டியிருக்கிறது. இதை ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவே நான் படிக்கிறேன்.

இனி கருவி லேசாகும், மூக்குக்கண்ணாடியாகச் சுருங்கும். பிம்பம் நிஜம்போல இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்ஜினியர்கள் பதில் கண்டுவிடுவார்கள். ஒரே தெருவில் நிற்கும் இருவருக்கு ஒரே தெரு தெரியுமா, என்ன தெரியவேண்டும் என்று தீர்மானிப்பது யார் என்பவை அவர்களுடைய கேள்விகள் அல்ல. நம்முடையவை.

கவிதையும் இல்லாததைத்தான் காட்டுகிறது. ஆனால் வரி முடிகிற இடத்தில் வெள்ளைத்தாள் தெரிகிறது. நிமிர்ந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிகிறது. அந்த விளிம்பை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.