கலகக்காரர்களுக்கு வண்டி செய்தவர்

1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லைஃப் இதழில் ஒரு சவ ஊர்வலத்தின் புகைப்படம் வந்தது. கலிஃபோர்னியாவில் இறந்துபோன, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பைக் கும்பலைச் சேர்ந்த ஆள் ஒருவனை அவன் கூட்டாளிகள் பைக்குகளில் அணிவகுத்து வழியனுப்பிய காட்சி அது. ரோஜர் கோர்மன் அதைப் பார்த்தார். ஏற்கெனவே குறைந்த செலவில் ஏராளமான படங்களை எடுத்து முடித்திருந்த மனிதர். அதே ஆண்டிலேயே அவர் இயக்கிய 'தி வைல்டு ஏஞ்சல்ஸ்' திரைக்கு வந்துவிட்டது. செலவு ஏறத்தாழ 3,60,000 டாலர். வசூல் அதைப்போல் பல மடங்கு. அதன் பிறகு ஐந்தாறு ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் பைக் கும்பல் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

நான் பைக் பட்டறை நடத்துகிறவன். இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியது வண்டிகளுக்காகத்தான். ஆனால் பார்க்கப் பார்க்க, வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதைச் செய்துகொடுத்த கைகள் யாருடையவை என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்தப் படங்களின் கதை ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் ஆரம்பிக்கிறது. கலிஃபோர்னியாவின் அந்த ஊரில் 1947 ஜூலை 4 விடுமுறையில் பைக் பந்தயத் திருவிழா நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள். குடித்தார்கள், தெருவிலேயே பந்தயம் விட்டார்கள், சண்டை போட்டார்கள். சுமார் ஐம்பது பேர் கைதானார்கள். பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். ஆனால் காலி பீர் பாட்டில்கள் சிதறிக் கிடக்க, ஹார்லியின்மீது சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவனின் படத்தை லைஃப் இதழ் பெரிதாகப் போட்டது. அந்தப் பாட்டில்களைக் கூட்டிக் கொண்டுவந்து வண்டியைச் சுற்றிப் பரப்பினார்கள் என்று அங்கே இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். அது எப்படியோ, பைக் ஓட்டி என்றால் ரௌடி என்ற எண்ணம் அந்த ஒரு படத்தால் நாடு முழுக்கப் பரவியது.

அந்தச் சம்பவத்தை வைத்து ஃபிராங்க் ரூனி ஒரு சிறுகதை எழுதினார். அதிலிருந்து 1953இல் 'தி வைல்டு ஒன்' வந்தது. தோல் ஜாக்கெட்டும் சாய்த்த தொப்பியுமாக மார்லன் பிராண்டோ ட்ரயம்ஃப் தண்டர்பேர்டு பைக்கில் வந்து நின்றார். பிரிட்டனின் தணிக்கைக் குழு அந்தப் படத்துக்கு 1967வரை சான்றிதழ் தரவில்லை. ஒரு பைக் படத்தைப் பார்த்து ஒரு தணிக்கைக் குழு ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் பயந்தது என்பதை நினைத்தால் அந்தக் காலத்துப் பெரியவர்களின் நடுக்கம் புரியும்.

கோர்மனின் படத்தை வெளியிட்டது அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ். ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்காஃப் என்ற இருவர் நடத்திய கம்பெனி. தலைப்பையும் போஸ்டரையும் முதலில் தயார் செய்துவிட்டுப் பிறகு கதை எழுதச் சொல்வது அவர்கள் பழக்கம். காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளுக்கு வரும் பதின்வயதுப் பிள்ளைகள்தான் அவர்களுடைய ரசிகர்கள். அவர்கள் கணக்குக்குப் பைக் படம் கச்சிதமாகப் பொருந்தியது. செட் போட வேண்டாம். பாலைவனமும் மலைச்சாலையும் இலவசம். கோர்மன் நிஜமான ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆட்களையே கூலி கொடுத்து அழைத்துவந்தார். உடையும் வண்டியும் அவர்களுடையவை. முதலில் நாயகனாக இருந்த ஜார்ஜ் சக்கிரிஸுக்குப் பைக் ஓட்ட வரவில்லை. அதனால் வேறு வேடத்துக்கு வந்திருந்த பீட்டர் ஃபோண்டா நாயகன் ஆனார். படம் முடிந்த பிறகு, எங்களைக் கேவலமாகக் காட்டிவிட்டார் என்று ஏஞ்சல்ஸ் ஆட்கள் கோர்மன்மீது வழக்குப் போட்டார்கள்.

படத்தின் முடிவில் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடக்கும். சவப்பெட்டியின்மீது ஸ்வஸ்திகாக் கொடி. கும்பல் தேவாலயத்தை அடித்து நொறுக்கும். பிறகு கல்லறைத் தோட்டத்தில் போலீஸ் வண்டிகளின் சத்தம் நெருங்க, எல்லோரும் ஓடிவிட, ஃபோண்டா மட்டும் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு நிற்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் கனக்கும் இடம் அது. அவனுக்கு எதிர்க்கத் தெரியும். எதற்காக என்று தெரியாது.

திரையில் இந்தக் கும்பல்களைப் பார்த்த மாணவர்கள், இவர்களும் தங்களைப் போன்ற கலகக்காரர்கள் என்று நம்பினார்கள். நிஜம் வேறு மாதிரி இருந்தது. 1965 அக்டோபரில் பெர்க்லியிலிருந்து வியட்நாம் போருக்கு எதிராக ஊர்வலம் வந்த இளைஞர்களை, ஓக்லண்ட் எல்லையில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆட்கள் புகுந்து அடித்தார்கள். அவர்கள் தலைவர் சானி பார்ஜர், வியட்நாமில் போய்ச் சண்டை போடத் தயார் என்று ஜனாதிபதி ஜான்சனுக்குத் தந்தி கொடுத்தார். 1970இல் வந்த 'தி லூசர்ஸ்' படத்தில் ஒரு பைக் கும்பலை ராணுவம் இந்தோசீனப் போருக்கே அனுப்புகிறது. முடி வளர்த்தவன் எல்லாம் அரசாங்கத்தை எதிர்ப்பவன் இல்லை. அந்தப் பாடத்தை 1969 டிசம்பர் 6 அன்று ஆல்டமாண்ட் இசை நிகழ்ச்சியில் அமெரிக்கா கொடுமையாகக் கற்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு பாடிக்கொண்டிருக்கையில், மேடைக்குக் காவலாக நின்ற ஏஞ்சல்ஸ் ஆள் ஒருவன் மெரிடித் ஹன்டர் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞனைக் குத்திக் கொன்றான்.

ஆனாலும் இந்தப் படங்களை என்னால் ஒதுக்க முடியவில்லை. பெரிய ஸ்டூடியோக்களின் கதவு திறக்காதவர்களுக்கு இவை இடம் கொடுத்தன. 1956 ஹங்கேரிப் புரட்சியைப் படம் பிடித்து, அந்தச் சுருள்களோடு நாட்டைவிட்டுத் தப்பிவந்த லாஸ்லோ கோவாக்ஸ், 1967இல் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆன் வீல்ஸ்' படத்துக்குக் கேமரா பிடித்தார். அதில் நடித்தவர் அப்போது யாரும் கண்டுகொள்ளாத ஜாக் நிக்கல்சன். சூரியன் லென்ஸில் அடித்துச் சிதறும் சாலைக் காட்சிகளைக் கோவாக்ஸ் இப்படிப்பட்ட படங்களில்தான் பழகினார்.

இருவரும் 1969இல் 'ஈஸி ரைடர்' படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். டென்னிஸ் ஹாப்பர் இயக்கி, ஃபோண்டா தயாரித்த படம். நாலு லட்சம் டாலர் அளவில் எடுத்து உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் வசூலித்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவை போலீஸ் ஏலத்தில் எடுத்த பழைய ஹார்லிகள். அவற்றைச் சாப்பராக, அதாவது முன் ஃபோர்க் நீண்டு சாய்ந்த வண்டியாக, மாற்றியவர் லாஸ் ஏஞ்சலிஸின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் வாழும் பேட்டையில் பட்டறை வைத்திருந்த பென் ஹார்டி. ஃபோர்க்கை நீட்டினால் மட்டும் சாப்பர் ஆகிவிடாது. சேஸிஸின் கழுத்தை அறுத்து, சாய்வைக் கூட்டி, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாக மடியும். வேகத்தில் ஹேண்டில்பார் உதறும். முன் பிரேக் கிடையாது, பின்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது. அப்படிப்பட்ட வண்டியை நடிகர் ஏறி ஓட்டி, கேமரா வண்டியோடு ஒட்டிச் செல்லும் அளவுக்கு நிதானமாக நிற்கவைத்தது ஹார்டியின் கை. இந்த வேலையின் அருமை வெல்டு வைத்தவனுக்குத் தெரியும்.

அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் கிளிஃப் வாஸ். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்த கறுப்பினப் போராளி, புகைப்படக்காரர். தெற்கு மாநிலங்களுக்குத் தன் சாப்பரிலேயே போனவர். 1964இல் மேரிலாண்டின் கேம்பிரிட்ஜ் ஊரில் தேசியக் காவல் படையினர் அவருடைய கைகால்களைப் பிடித்து இழுக்க, தோழர்கள் விடாமல் பற்றியிருக்கும் காட்சியைப் புகைப்படக்காரர் டேனி லயன் படம் எடுத்தார். கலகம் என்றால் என்னவென்று கேட்பவருக்கு நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

ஈஸி ரைடரின் பெயர்ப் பட்டியலில் ஹார்டியும் இல்லை, வாஸும் இல்லை. அந்த வண்டிகளின் பெருமை பல ஆண்டுகள் ஃபோண்டாவோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டது. ஒரு வண்டி கடைசிக் காட்சியில் நொறுங்கியது; மற்றவை படம் முடிவதற்குள் திருட்டுப் போயின. நொறுங்கியதைச் சீர்செய்தது என்று சொல்லி ஒரு வண்டியை 2014இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலத்தில் விற்றார்கள். அது அசல்தானா என்ற சண்டை ஓயவில்லை. செய்தவர்களின் பெயர் தெரிவதற்கு முன்பே செய்த பொருளுக்கு விலை ஏறிவிட்டது.

அவர்கள் பெயரை விட்டுவிட்டது அநியாயம். பைக் பிரியர்கள் தங்கள் சுவரில் ஃபோண்டா ஓட்டிய வண்டியின் அமெரிக்கக் கொடி நிறத்து டேங்க் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். என் பட்டறைக்கு வரும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இருக்கிறது. ஒட்டுங்கள், ஆனால் அதன் கீழே பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்று இரண்டு பெயர்களையும் எழுதிவையுங்கள்.