வழிநடை பாத்தியம்

பல்லாவரத்துல என் தங்கச்சி மகன் பழைய வீடு ஒண்ணு விலை பேசினான். வில்லங்கச் சான்று சுத்தம். ஆனா தெருவுக்குப் போற சந்து பக்கத்து வீட்டுக்காரருது. "பத்திரத்துல வழி இருக்காடா?"ன்னேன். முழிச்சான்.

எங்க ஊர்ல வண்டிப்பாதை, வாய்க்கால் பாத்தியம் எழுதாம வயல் வாங்க மாட்டோம். பல்லாவரமும் பெரிய ஏரித் தண்ணி பாய்ஞ்ச ஊருதான். இந்தப் பாத்தியங்களுக்கு வெள்ளைக்காரன் போட்ட ஈஸ்மென்ட் சட்டம் 1882 ஜூலை 1-ல் அமலாச்சு. முதல்ல சென்னை மாகாணம், மத்திய மாகாணம், குடகுக்கு மட்டும். பம்பாய்க்கு 1891-லதான் போச்சு.

20 வருஷம் உரிமையா, வெளிப்படையா, தடையில்லாம நடந்தா அது பாத்தியம். அனுமதி கேட்டு நடந்தா எத்தனை வருஷமானாலும் தயவுதான். விசாரிச்சா, பெரியவர் ஒருத்தர் "போய்க்கோங்க"ன்னு சொன்ன வழியாம் அது!

"வழியை எழுதிப் பதிவு பண்ணட்டும், அப்புறம் அட்வான்ஸ் குடு"ன்னுட்டேன்.